தேர்வாளர் சற்று அதிகமாகப் பேசினார்

குன்னத்துகாலில் இருந்து ஷைனி போன மாதம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொல்லயிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் சபைப் பெண். மாடி அறையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, எங்கோ வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். என் காலத்தில் அதற்கு விமானம் ஏற வேண்டியிருந்தது.

"சார், எழுபத்தொண்ணு ஆக்கும்," என்று கைபேசியை நீட்டினாள்.

"நல்ல மார்க்குதானே மக்கா?"

"மார்க்கு இல்ல சார். நூத்துக்கு எழுபத்தொண்ணு நேரமும் கிளாஸ்ல நான்தான் பேசுனேனாம். கம்பெனிக்காரனுக்க கம்ப்யூட்டர் அளந்து வச்சிருக்கு. இதக் கொறைக்கலேண்ணா நிறுத்திப்போடுவாவளாம். என்ன வழி சார்?"

சமையலறையில் இருந்து என் மனைவி லீலா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எனக்க கர்த்தாவே! பேச்சக் கொறைக்கதுக்கு வழி கேட்டு இவருகிட்டயா பிள்ள வந்தா?"

நான் ஷைனிக்குப் பதில் சொன்னேன். முக்கால் மணி நேரம் சொன்னேன். எதிரில் இருந்த சாயா ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அவள் எழுந்து, "சார் இதயெல்லாம் எழுதித் தந்தா நான் வீட்டுல வச்சு வாசிச்சுக்கிடுவேன்," என்றாள். எழுத்து என்றால் வேண்டிய இடத்தில் நிறுத்திவிடலாம் என்பது அவளுடைய கணக்கு என்று எனக்குப் புரிந்தது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் படித்தது பி.ஏ. ஆங்கிலம், பிறகு பி.எட். இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் நான் பயிற்சி பெற்றது நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜில். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும் தோற்றவர்களும் வந்து படிக்கிற தனியார் வகுப்புகளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு வகுப்பு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டிக்கு இன்னொரு பாரலல் காலேஜ். ஆசிரியர் மூச்சுவிட நிறுத்தினால் கணக்கு வாத்தியாரின் குரல் உள்ளே வந்துவிடும். கொஞ்சம் நீளமாக நிறுத்தினால் மாணவர்கள் ரோட்டைக் கடந்துவிடுவார்கள். அங்கே பத்து வருடம் நிறுத்தாமல் பேசினேன். 'ஞானதாஸ் சாருக்க கிளாசில் உறங்க முடியாது' என்று பனச்சமூடு வரைக்கும் பேர் இருந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சண்டைக்கு இரண்டும் என்று தொடங்கி தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லைக் கிராமங்களின் நிலவரத்தை விளக்கினேன். அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்க இடம் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. 'சரளமாகப் பேசுகிறார்' என்று குறித்துக்கொண்டு என்னை எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த தீவை ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். தென்னையும் மணலும் நமக்குப் புதிதா என்று நினைத்துப் போய் இறங்கினேன். அவர்களும் படகைத் தோணி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தென்னைகளுக்குக் கீழே எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அங்கே இருந்த மலையாளிகளுக்கு நான் தமிழன், தமிழர்களுக்கு மலையாளி. ஆகவே கிடைத்த நேரமெல்லாம் வகுப்பில் பேசித் தீர்த்தேன்.

எங்கள் ஆங்கிலத் துறைக்குத் தலைவி திருமதி சிவபாக்கியம். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். சிவப்பு மையைத் தொட மாட்டார், எல்லாம் பென்சில்தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தாழ்ந்துவிடும். அப்போது எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். முதல் வாரம் நான் பேசிய தமிழை மலையாளம் என்று நினைத்து எனக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். அது தமிழ் என்று நான் விளக்கியதும், "அப்படியே?" என்று மட்டும் கேட்டார். நம்பிய மாதிரி இல்லை.

ஒரு நாள் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், தாளில் சின்னதாக ஒரு கீற்று போடுவார். ஐந்து விநாடிக்கு ஒரு முறை, மணி அடிக்கும் வரைக்கும். தூரத்தில் இருந்து பார்க்க அவை 'சரி' போடுகிற குறிகள் மாதிரி இருந்தன. நான் வாய் திறக்கும் போதெல்லாம் ஒரு சரி! உற்சாகத்தில் பாடத்தை விட்டுவிட்டு, கப்பல் என்ற சொல்லில் தொடங்கி கொச்சித் துறைமுகம் வரை போய்வந்தேன். தாளின் இடது பக்கம் நிரம்பி, அவர் திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் தாளைக் காட்டினார். இடப்பக்கம் ஆசிரியர் பேசிய நேரம். வலப்பக்கம் மாணவர் பேசிய நேரம். வலப்பக்கத்தில் மூன்று கீற்றுகள் இருந்தன.

"இதில ஒண்டு இருமல்," என்றார் தாழ்ந்த குரலில். "சந்தேகத்தின்ர பலனைக் குடுத்துப் போட்டிருக்கிறன்."

"மேடம், நான் விளக்கமாச் சொல்லணும்ணு..."

"நீங்கள் வடிவாக் கதைக்கிறியள், மாஸ்டர். அதுதான் பிரச்சினை."

எங்கள் ஊரில் பேசுவதைக் கதைக்கிறது என்று சொல்வதில்லை. கதை சொல்வதில் நான் வல்லவன் என்கிறார் என எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருடமே பத்தாம் வகுப்பின் வாய்மொழித் தேர்வு என் பொறுப்புக்கு வந்தது. தேர்வை நடத்துவது வெளிநாட்டு வாரியம். ஆனால் மாணவரிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர். எல்லாவற்றையும் காசெட்டில் பதிந்து, மாதிரிக்குச் சிலரைத் தேர்ந்து வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் கேட்டுப் பார்ப்பார். நாம் போட்ட மதிப்பெண் அதிகம் என்று அவருக்குப் பட்டால் பள்ளியில் எல்லோருக்கும் வெட்டு.

முறைகளைச் சிவபாக்கியம் ஒன்று விடாமல் சொல்லித் தந்தார். ஜன்னலைச் சாத்த வேண்டும். இரைச்சல் பதியும் என்பதால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மேஜையில் மடித்த துணியைப் போட்டு அதன்மேல் டேப் ரெக்கார்டரை வைக்க வேண்டும். பள்ளி எண், மாணவர் எண், பெயர், தேதி, இதையெல்லாம் முதலில் சொல்ல வேண்டும். தலைப்பு அச்சிட்ட அட்டையை மாணவர் கையில் கொடுத்து யோசிக்க நேரம் தர வேண்டும். பேச்சு தொடங்கிய பிறகு இடையில் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் காசெட்டின் விளிம்பில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் சில்லுகளை உடைத்துவிட வேண்டும். அப்புறம் யாராலும் அதன்மேல் எதையும் பதிய முடியாது. இந்த முறைகள் அத்தனையையும் நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

நஸீமா என்ற பெண் ஐந்தாவதாக உள்ளே வந்தாள். மீன்பிடிக்கிறவரின் மகள். வகுப்பிலேயே அழகான ஆங்கிலம் எழுதுகிறவள் அவள்தான். பேசுவது மட்டும் அபூர்வம். தலைநகரில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலத்தில் நல்ல தரம் வந்தால் போதும். 'என் தீவு' என்ற அட்டை அவளுக்கு வந்தது.

"உன் தீவைப் பற்றிச் சொல்," என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் மேஜைத் துணியைப் பார்த்தாள். ரெக்கார்டரின் சக்கரங்கள் சுற்றின. மின்விசிறி இல்லாத அறையில் அந்தச் சக்கரம் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. என் கழுத்தில் வியர்வை இறங்கியது. பாரலல் காலேஜில் இத்தனை நேரம் மௌனமாக இருந்தால் பாதி வகுப்பு ரோட்டைக் கடந்திருக்கும்.

"அழகான தீவு, இல்லையா?" என்றேன்.

"எஸ் சார்."

"தென்னை நிறைய உண்டு, இல்லையா?"

"எஸ் சார்."

அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். தென்னை என்றதும் வார்த்தைகள் தாமாக வந்தன. எங்கள் ஊரிலும் தென்னை உண்டு என்று சொன்னேன். கொல்லயிலில் எங்கள் தோப்புக்குக் கீழே வயல், வயலுக்கு அந்தப் பக்கம் தோடு என்று நாங்கள் சொல்கிற ஓடை, மழைக்காலத்தில் வரப்பு முங்கிவிடும் என்றேன். நேரம் முடிந்தது. பட்டனை அமுக்கினேன், சில்லுகளை உடைத்தேன். நஸீமாவுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியுமாதலால் தாராளமாக மதிப்பெண் போட்டேன். மாதிரிக்கு அனுப்பிய காசெட்டுகளில் அவளுடையதும் ஒன்று. நல்ல மாணவி என்று நானே பொறுக்கி எடுத்தது.

முடிவுகளோடு வாரியத்தின் குறிப்பும் வந்தது. சிவபாக்கியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குறிப்பில் இரண்டு வரிதான் என்னைப் பற்றி. 'தேர்வாளர் சற்று அதிகமாகப் பேசினார். அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னவை சுவையாக இருந்தன; ஆனால் அவரை மதிப்பிடும்படி எங்களிடம் கேட்கப்படவில்லை.'

பள்ளியில் எல்லோருக்கும் வாய்மொழி மதிப்பெண் வெட்டப்பட்டிருந்தது. மற்றவர்கள் எப்படியோ தப்பிவிட்டார்கள். நஸீமாவுக்கு மட்டும் ஒரு தரம் இறங்கி, நர்ஸ் படிப்புக்கான இடம் போய்விட்டது.

பள்ளியில் வைத்திருந்த பிரதியைச் சிவபாக்கியம் போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்களே நேரம் பாருங்கோ, மாஸ்டர்," என்றார். முதல் முறையாக என் குரலைக் கேட்டேன். நல்ல கனமான குரல். அது ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே தூரத்தில் இருந்து கேட்பது போல 'எஸ் சார்'. பதினொரு தடவை எண்ணினேன். அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அவர் நிறுத்தவில்லை. கடைசி வரை ஓடவிட்டார்.

"உங்கட ஊர் நல்ல ஊர்தான்," என்றார். நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "ஆனா சோதினை அவளுக்கு. மறுசோதினை ஆறு மாசத்தில இருக்கு. அவளைக் கூட்டிக்கொண்டு வாறது உங்கட வேலை."

மறுநாள் நஸீமாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கடற்கரையில் உட்கார்ந்து சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தார். நஸீமா பக்கத்தில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பாரலல் காலேஜில் தொடங்கி, மனித மனத்தின் பலவீனங்களைத் தொட்டு, பெற்றோரின் கனவுகள் வரைக்கும் வந்துவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார்.

"அப்பா என்ன சொல்கிறார்?" என்றேன்.

"உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்," என்றாள் நஸீமா. பிறகு, வெகுநேரம் கழித்து, "மறுதேர்வை நான் எழுதுகிறேன் சார்," என்றாள்.

ஆறு மாதமும் பயிற்சி எடுத்தது நஸீமா அல்ல, நான். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் இருபது வரை எண்ண வேண்டும் என்பது சிவபாக்கியத்தின் கட்டளை. எனக்கு ஏழுக்குமேல் போகவில்லை. மலையாளத்தில் எண்ணிப் பார்த்தேன், அதிலும் ஏழுதான். ஆசிரியர் அறையில் யாரிடமாவது ஒன்று கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். எனக்குப் பல்வலி என்று நினைத்துத் தலைமையாசிரியர் ஒரு மாத்திரை தந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை தீவு அலுவலகத்தில் இருந்து வீட்டுக்குப் போன் செய்வது வழக்கம். அதில் முயன்றுபார்த்தேன். "என்ன விசேஷம் லீலா?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

"ஹலோ," என்றாள் லீலா. "ஹலோ! கேக்குதா? லைன் போச்சு போல."

எட்டு, ஒன்பது.

"இருக்கியளா? ஒடம்பு சொகமில்லியா? எதாவது பேசுங்க, எனக்குப் பேடியாட்டு இருக்கு."

பன்னிரண்டு, பதிமூன்று. போனில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல் மாறியது.

"இஞ்ச பாருங்க, ஒரு காரியம் உண்டு. மூணு மாசமாச் சொல்லணும்ணு நெனைக்கேன். நீங்க எடம் தந்தால்லா சொல்லதுக்கு? நம்ம பயலுக்கு இங்கிலீஷ்ல பதினொண்ணு மார்க்காக்கும். கிளாஸ்ல வாயத் தொறக்க மாட்டேங்கான்னு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியாச்சு."

மாலத்தீவுக்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவனுடைய மகன். அன்று இருபதைத் தாண்டி எத்தனை வரை எண்ணினேன் என்று தெரியாது. லீலா அன்று பேசியதுபோல அதற்குமுன் போனில் பேசியதே இல்லை. தனியாக அவனோடு மல்லுக்கட்டியது, ஆபீஸில் இருந்து பஸ் பிடித்து ஓடிவருவது, சபையில் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொகம் என்று சொல்லிச் சலித்தது எல்லாம் வந்தது. அடுத்த விடுமுறையில் மகனோடு உட்கார்ந்தேன். அவன் கதை இங்கே வேண்டாம். இப்போது நன்றாகத்தான் பேசுகிறான், சமயத்தில் என்னைவிட.

மறுதேர்வு நாள். ஜன்னல் சாத்தியாயிற்று, விசிறி நின்றது, துணி, ரெக்கார்டர், எண்கள். அட்டையில் 'ஒரு பயணம்'.

"நீ போன ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்," என்றேன்.

நஸீமா துணியைப் பார்த்தாள். நான் எண்ணினேன். ஏழு வந்தது, போனது. பத்து. மேஜைக்கு அடியில் என் இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டேன். பதினான்கில் அவள் தலை நிமிர்ந்தாள்.

சின்ன வயதில் ஒரு தடவை அப்பாவோடு மீன்பிடிக்கப் போனதைச் சொன்னாள். தோணி கிளம்பிய நேரம், கரை மறைந்த இடம், தண்ணீரின் நிறம் மாறியது. மெதுவாக, ஒரு சொல்லுக்கு அடுத்த சொல்லை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்துச் சொன்னாள். சூரை மீனைப் பிடிப்பதற்குக் கடலில் வீசுகிற சின்ன மீன்களுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். இரைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவளுக்கு நினைவு வரவில்லை. எனக்கு வந்தது. ஒரே ஓர் அசை. என் நாக்கின் நுனியில் நின்றது. நாக்கைக் கடித்தேன், நிஜமாகவே கடித்தேன்.

"பெரிய மீனைக் கூப்பிடுவதற்கு நாங்கள் கொடுத்துவிடுகிற சின்ன மீன்கள்," என்றாள் நஸீமா, ஆங்கிலத்தில். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் தாண்டுவதற்குத் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. நான் அந்த ஓர் அசையைச் சொல்லியிருந்தால் அது போயிருக்கும்.

சில்லுகளை உடைத்தேன். ரெக்கார்டரை எடுக்க வந்த சிவபாக்கியம் என் உதட்டில் ரத்தத்தைப் பார்த்து, கைக்குட்டையை நீட்டினார். அடுத்த வருடம் நஸீமா தலைநகருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வேறு தீவுகள், வேறு பள்ளிகள். சிவபாக்கியம் ஓய்வு பெற்று மகளோடு கனடா போய்விட்டார். நான் ஓரளவுக்கு நல்ல ஆசிரியன் ஆனேன் என்றுதான் நினைக்கிறேன். வகுப்பில் விட்டுவைத்த பேச்சையெல்லாம் ஆசிரியர் அறையில் பேசினேன் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள்.

ஓய்வுக்கு முன்னால் உடல் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று பக்கத்துத் தீவில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். படிவத்தோடு உள்ளே வந்த பொறுப்பு நர்ஸ் என்னைப் பார்த்து நின்றாள். நடுவயதுப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். எனக்கு அடையாளம் தெரிய நேரமாயிற்று.

"நஸீமாவா?" என்றேன். சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். எத்தனை வருடம், எங்கெல்லாம் இருந்தேன், அவளுடைய மறுதேர்வை எத்தனை ஆசிரியர்களுக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் புன்னகையோடு கேட்டுக்கொண்டே தெர்மாமீட்டரை உதறினாள். கண்ணாடியில் செய்த பழைய வகை. "வாயைத் திறங்கள் சார்," என்றாள். திறந்துதான் இருந்தது. நாக்குக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் தேர்வில் எனக்குப் பதில் தெரியும் சார்," என்றாள். அழகான, அவசரமில்லாத ஆங்கிலம். "நான் மெதுவாகத்தான் வருவேன். வந்துகொண்டிருந்தேன். அதற்குள் நீங்கள் உங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். தென்னைமரம், வயல், மழை என்று சொன்னீர்கள். இங்கே வந்த நாளில் இருந்து உங்கள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. திரும்பக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை."

எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் விரலை உயர்த்தி, பேசக் கூடாது என்று காட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் ஆனதும் தெர்மாமீட்டரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தாள்.

"நார்மல்," என்று படிவத்தில் எழுதினாள்.

நான் அப்போதும் ஒன்றும் பேசவில்லை.